துருவை மறைப்பதும் துருவை ஒழிப்பதும்

மும்பை நகரின் அடையாளமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சியை இன்று அந்நகரத் தெருக்களில் காண இயலாது. அவற்றுள் கடைசி வண்டி 2003 அக்டோபர் 29-ஆம் நாள் பதிவானது. டாக்சிகளுக்கு அங்கே வயது எல்லை இருபது ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் அவை ஓய்வு பெற்றன. ஆயினும், சொந்த வண்டிகளாக வாங்கப்பட்ட பத்மினிகள் இன்னும் பல வீட்டு முற்றங்களில் உறங்கிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட வண்டி ஒன்றை எழுப்பி ஓட்ட ஆசைப்படும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை.

இவ்வண்டியின் வரலாறு சிறியது. 1953-இல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100 என்ற சிறிய காரே இதன் மூலம். 1944-இல் நிறுவப்பட்ட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், மும்பை குர்லாவில் இதனை உருவாக்கி வந்தது. 1974-இல் பத்மினி என்ற பெயர் இதற்கு வந்தது. 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின், முன்னே சுருள் வில், பின்னே பட்டை வில், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். எளிய அமைப்பு. பாகங்கள் இன்றும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. எஞ்சின் பழுதைத் தீர்ப்பது அத்துணைக் கடினம் அன்று. இவ்வண்டியைக் கொல்வது வேறொன்று. அதுதான் துரு.

செம்பூரில் என் மாமா வீட்டு முற்றத்தில் இப்படி ஒரு பத்மினி நின்றது. விடுமுறையில் நானும் இரு நண்பர்களும் அதைப் புதுப்பிக்க முனைந்தோம். உப்புத்தாளால் தேய்த்தோம்; ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்தோம்; மேலே வெண்சாயம் அடித்தோம். பத்தே நாளில் வண்டி மணப்பெண் போல நின்றது. மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்தது. சாயத்தில் கொப்புளங்கள் எழுந்தன. "அதனால் என்ன, மறுபடி ஒரு கை அடித்துவிடலாம்" என்றிருந்தோம்.

மாமா குடும்பத்தோடு புணேவுக்கு ஒரு திருமணத்திற்குப் புறப்பட இருந்தார். அதற்கு முன்தினம் சக்கரம் மாற்ற ஜாக்கி வைத்தோம். ஜாக்கி உயர்ந்தது, சக்கரம் உயரவில்லை! கதவின் கீழ்த் தகடு அப்பளம் போல நொறுங்கி, ஜாக்கியின் தலை உள்ளே போய்விட்டது. எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. மாமா குனிந்து பார்த்தார். "மேலே பட்டு, உள்ளே செல்லரிப்பு. இதில்தானா மலை ஏறிப் பிள்ளைகளை அழைத்துப் போக இருந்தேன்?" என்று மட்டும் சொன்னார். திருமணத்திற்கு அவர்கள் ரயிலில் போனார்கள்.

நாங்கள் செய்த பிழை யாது? துருவை ஒரு கறை என்று எண்ணினோம். உண்மையில் அது ஒரு நிகழ்ச்சி. அதனை அறிந்தால்தான் அதனை நிறுத்த முடியும்.

துரு பிறக்கும் விதம்

இரும்பின் மேல் ஈரம் படும்போது அவ்விடம் ஒரு சிறு மின்கலமாக மாறுகிறது. ஓரிடத்தில் இரும்பின் அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி வேறோர் இடத்தை அடைகின்றன. அங்கே காற்றிலிருந்து கரைந்த ஆக்ஸிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடாகின்றன. கரைந்த இரும்பும் இந்த ஹைட்ராக்சைடும் சந்தித்து, மேலும் ஆக்ஸிஜனை ஏற்றுப் பழுப்பு நிறத் துருவாகின்றன. நீரில் உப்புக் கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகும், அரிப்பும் விரைவாகும். கடலோர ஊர்களில் வண்டிகள் விரைவில் பாழாவதன் காரணம் இதுவே.

அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக ஒட்டிக்கொண்டு கவசமாகிறது. துருவோ நுண்துளைகள் நிறைந்தது. தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் அடைப்பது. ஆகவே அது சாயத்தைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. ஈரத்தை உறிஞ்சி வைத்து அடுத்த படலத்தையும் அரிக்க வழி செய்கிறது.

மறைவிடமே ஆபத்தான இடம்

இங்கே ஒரு வியப்பு உண்டு. காற்று நன்கு படும் இடமே மிகுதியாக அரிக்கும் என்று நாம் எண்ணுவோம். நடப்பது நேர்மாறு. இதனைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் யு. ஆர். எவான்ஸ் ஒரே ஒரு உப்பு நீர்த்துளியைக் கொண்டு விளக்கினார். நம் ஆய்வுக்கூடத்திலும் இதனைச் செய்து பார்க்கலாம். தேய்த்துத் துலக்கிய இரும்புத் தகட்டின் மேல், சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபினால்ஃப்தலீனும் கலந்த உப்பு நீரை ஒரு துளி விடுங்கள். சிறிது நேரத்தில் துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகும்; நடுப்பகுதி நீலமாகும். விளிம்பில் காற்று எளிதில் கரைவதால் அங்கே ஹைட்ராக்சைடு பிறக்கிறது. காற்றுக் குறைந்த நடுவிலேதான் இரும்பு கரைகிறது.

இந்த ஒரு துளியில் எங்கள் வண்டியின் கதை முழுவதும் அடங்கியிருந்தது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்கு, சேறு அப்பிய மூலை, தரைவிரிப்பின் அடிப்புறம், நாங்கள் ஆசையோடு பூசிய பட்டியின் பின்புறம் - இவை எல்லாம் துளியின் நடுப்பகுதிகள். பட்டியும் ஈரத்தைச் சிறிது சிறிதாக உள்ளே விடும். மூடினால் துரு சாகும் என்று நினைத்தோம். அதற்கு வீடு கட்டிக் கொடுத்தோம்!

தகடே எலும்பு

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனிச்சட்டம் உண்டு. மேற்கூடு அரித்தாலும் சட்டம் தாங்கும். பத்மினிக்குத் தனிச்சட்டம் இல்லை. தரை, கூரை, தூண்கள், கதவுகளின் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற தகடுகள் ஆகியவை ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அவையே சுமையைத் தாங்குகின்றன. கீழே ஓடும் அந்தப் பெட்டியைப் படிப்பெட்டி என்போம். அது அரித்தால் வண்டி நடுவில் தொய்யும்; கதவு மூடாது; மோதல் நேர்ந்தால் உள்ளிருப்போரைக் காக்க எதுவும் இராது. பின் பட்டைவில் பொருந்தும் இடங்களும் இப்படியே. ஆகவே அங்கெல்லாம் பட்டி வைப்பது அழகுக் குறைபாடு மட்டும் அன்று. பிறர் உயிரோடு விளையாடுவது.

தேடும் முறை

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இருக்கை, தரைவிரிப்பு, அதன்கீழ் உள்ள தார்ப்பூச்சு யாவற்றையும் அகற்றுங்கள். வண்டியைச் சமதளத்தில் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல் அடியில் புகவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிப் புகுவது தற்கொலைக்கு ஒப்பாகும். பிறகு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடும் பட்டியும் மொத்தென்று ஒலிக்கும். காந்தம் பட்டியின்மேல் ஒட்டாது. ஐயமுள்ள இடத்தை ஸ்குரூடிரைவரால் அழுத்துங்கள். உள்ளே போனால் வருந்தாதீர்கள். இன்று போவது நல்லது, சாலையில் போவதைவிட. கண்டவற்றை எல்லாம் ஒரு படத்தில் குறியுங்கள். அப்படத்தைப் பார்த்த பின்னரே, செலவு செய்வதா விடுவதா என்று முடிவு செய்யலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல முறை. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல் எடுத்து, துருப்பிடித்த பாகத்தைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்துங்கள். துரு சில மணி நேரத்தில் இளகித் தேய்த்தால் போய்விடும்; நல்ல இரும்பு கரையாது. ஆனால் ஹைட்ரஜன் வெளிவரும். ஆகவே வெட்டவெளியில் செய்க. தீ அருகில் வேண்டா. சார்ஜரை நிறுத்திய பிறகே தொடுக. நேர்முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் கரையும். வில்களையும் கடினமாக்கப்பட்ட போல்ட்டுகளையும் இதில் இடாதீர்கள். ஹைட்ரஜன் புகுந்து அவை ஒடியும் தன்மை பெறலாம்.

கழற்ற இயலாத, மேலோட்டமான துருவுக்குக் கம்பித்தூரிகையால் தேய்த்தபின் பாஸ்பாரிக் அமிலக் கலவையோ டானின் கலவையோ பூசலாம். டானின் துருவோடு சேர்ந்து கருமையான சேர்மத்தைத் தரும். இது நமக்குப் புதிதன்று. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வினையால்தான். ஆனால் இவை மெல்லிய துருவுக்கே. தகடே உதிர்ந்த இடத்தில் எந்தக் கலவையும் இரும்பைத் திரும்பத் தராது.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். நீர் விட்டுத் தேயுங்கள். பழைய பிரேக் பூச்சில் கல்நார் இருக்கலாம்; அத்தூளை ஊதாதீர்கள். கண்ணாடியும் முகமூடியும் எப்போதும் தேவை.

பட்டறைக்கு விடவேண்டியவை

படிப்பெட்டி, தரை, வில் பொருந்தும் இடம் ஆகியவற்றை வெட்டிப் பற்றவைப்பது கைதேர்ந்த டிங்கர் வேலை. ஆனால் நாம் அருகில் நின்று மூன்றைக் கேட்க வேண்டும். முதலாவது, துருப்பிடித்த பகுதியைப் பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டி எறிதல். பழந்தகட்டின்மேல் புதுத்தகட்டை ஒட்டினால் மீண்டும் ஓர் இடுக்கு, மீண்டும் அதே நீர்த்துளி. இரண்டாவது, வெட்டும் முன் கதவு வாயில்களைக் குறுக்குக் கம்பியால் பிணைத்து, ஒரு பக்கம் முடித்த பின் மறுபக்கம் தொடுதல். இன்றேல் வண்டி வளைந்து கதவுகள் பொருந்தா. மூன்றாவது, பற்றவைக்கும் முன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைத்தல். காலித் தொட்டியின் ஆவி நிறைந்த தொட்டியைவிடக் கொடியது.

மூடுவதற்கு முன்

துலக்கிய தகட்டை ஓர் இரவுகூட வெறுமனே விடாதீர்கள். துத்தநாகம் மிகுந்த முதற்பூச்சு சிறந்தது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை இழப்பது. ஆகவே கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். படிப்பெட்டியின் உட்புறத்தில் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சுங்கள். கதவின் அடியிலும் படிப்பெட்டியிலும் உள்ள வடிகால் துளைகளைப் பட்டியாலோ சாயத்தாலோ அடைத்துவிடாதீர்கள். அத்துளைகள் பழுதல்ல, வண்டி மூச்சுவிடும் மூக்கு.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, ஐம்பதாண்டு கடந்த சொந்த வண்டிகளைப் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம். ஆனால் உடலிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. நாள்தோறும் சாலையில் ஓட்டவும் இயலாது. மற்றவற்றின் பதிவைப் பதினைந்தாண்டுக்குப் பின் தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். ஊருக்கு ஊர் விதி வேறுபடுவதால், செலவு செய்யும் முன்னரே விசாரிப்பது அறிவுடைமை.

மாமாவின் வண்டியில் நாங்கள் பூசிய பட்டி அனைத்தையும் நாங்களே உளி கொண்டு பெயர்த்தோம். பூசியதற்குப் பத்து நாள். பெயர்த்துப் புதுத்தகடு வைக்க ஓராண்டு விடுமுறைகள் எல்லாம் தேவைப்பட்டன. இன்று அது முன்போல் மின்னவில்லை. ஒரு கதவின் நிறம்கூட மற்றதோடு சரியாகச் சேரவில்லை. ஆனால் ஜாக்கி வைத்தால் சக்கரம் உயர்கிறது. சென்ற மாதம் மாமா தம் பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய் வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, உப்புக் காற்றுப் பட்ட வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவியதுதான். அவருக்கும் பாடம் புரிந்துவிட்டது.