லோன் அப்ரூவ் ஆச்சுன்னா பில்டிங் ஸ்ட்ராங்கா? ஒரகடம் பக்கம் ஃப்ளாட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் வேலை பார்க்கிறீங்க. வாடகை கொடுத்து அலுத்துப்போய், படப்பையிலோ குன்றத்தூரிலோ ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கீங்க. "பேங்க்கே லோன் தர்றாங்க சார், அப்புறம் என்ன பயம்?"னு பில்டர் சொல்றார். இந்த ஒரு வரியைத்தான் இன்னைக்கு சரிபார்க்கப் போறோம்.

பேங்க் எதைப் பார்க்குது?

பத்திரம் சரியா, பிளான் அப்ரூவல் இருக்கா, இடத்தோட மதிப்பு என்ன – இதைத்தான் பார்க்குது. அதாவது, கொடுக்கிற பணம் திரும்ப வருமான்னு பார்க்குது. தூணுக்குள்ள கம்பி சரியா இருக்கான்னு தோண்டிப் பார்க்கிறது அவங்க வேலை இல்லை.

ஒரு கணக்கு. 30 லட்சம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். மொத்தமா நீங்க கட்டுறது சுமார் 62.5 லட்சம். நடுவுல பில்டிங்குக்கு என்ன ஆனாலும் இஎம்ஐ நிக்காது. இதை மனசுல வச்சுக்கோங்க.

மௌலிவாக்கம் மறந்துடுச்சா?

2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். போரூர் – குன்றத்தூர் ரோட்டுல மௌலிவாக்கத்தில் கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்துடுச்சு. 61 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். இடி விழுந்ததுதான் காரணம்னு கட்டுமான நிறுவனம் தரப்பில் சொன்னாங்க. ஆனா நீதிபதி ரகுபதி கமிஷன் விசாரிச்சப்போ, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகள் வெளியே வந்துச்சு. பக்கத்தில் நின்ன இன்னொரு டவரை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வச்சுத் தகர்த்தாங்க. அதுக்கும் அனுமதி வாங்கின பிளான் இருந்தது. பேப்பர் இருக்கிறது வேற, பில்டிங் நல்லா இருக்கிறது வேற.

சரி, நாம என்ன பார்க்கணும்?

1. மண்ணும் தூணும்

நம்ம பகுதியில் பல லேஅவுட்டுகள் ஒரு காலத்தில் வயலா இருந்த இடம். களிமண் மழையில் உப்பும், வெயில்ல சுருங்கும். அஸ்திவாரம் அதுக்கேத்த மாதிரி இல்லைன்னா சுவர் குறுக்கா விரியும். அதனால சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. அதுல எஸ்பிசி, அதாவது மண் எவ்வளவு எடை தாங்கும்னு இருக்கும். அடுத்து ஸ்ட்ரக்சுரல் டிராயிங். மூணு மாடிக்கு டிசைன் பண்ணிட்டு நாலாவது மாடி ஏத்தியிருக்காங்களான்னு எண்ணிப் பாருங்க. கட்டுமானம் நடந்துக்கிட்டிருந்தா ஒரு வார நாள்ல சொல்லாம போங்க. தூணுக்குச் சாக்கு சுத்தி குறைஞ்சது 7 நாள் தண்ணி விடுறாங்களான்னு தெரிஞ்சிடும்.

2. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?

2015 டிசம்பர் வெள்ளம்னாலே செம்பரம்பாக்கம்தான் ஞாபகம் வரும். ஆனா முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினது செம்பரம்பாக்கம் தண்ணியால இல்லை. ஆதனூர், மணிமங்கலம் மாதிரி ஏரிகளோட உபரிநீர் அடையாறு வழியா வந்தது. ஏரி பக்கத்துல இல்லையேன்னு நிம்மதியா இருக்க முடியாது. ஏரி நிறைஞ்சா தண்ணி போற வழி எதுன்னு பாருங்க. சர்வே நம்பரை வச்சு எஃப்எம்பி வரைபடத்தை அரசு இணையதளத்துல எடுக்கலாம். ஓடை, கால்வாய் இருக்கான்னு தெரியும். தெருவுல பத்து வருஷமா கடை வச்சிருக்கிறவர்கிட்ட "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேளுங்க.

3. காத்து, வெளிச்சம்

நம்ம மாதிரி புழுக்கமான ஊருக்கு, அறையோட பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேணும்னு தேசிய கட்டிட விதித்தொகுப்பு சொல்லுது. 10-க்கு 12 ரூம்னா 120 சதுர அடி. 20 சதுர அடிக்கு ஜன்னல். எதிரெதிரா ரெண்டு ஜன்னல் இருந்தா இன்னும் நல்லது. டேப் எடுத்துட்டுப் போய் அளந்து பாருங்க. காத்து வராத பாத்ரூம், ஈரம் காயாத சுவர் – இதெல்லாம் பின்னாடி பூஞ்சையா, மூச்சுத் தொந்தரவா வரும்.

4. வெயிலும் கரண்ட் பில்லும்

நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்குறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க. மேற்கு பார்த்த பெட்ரூம், கடைசி மாடி – ரெண்டும் சேர்ந்தா ஏசி நிக்கவே நிக்காது. ஏசி ஒரு நாளைக்கு 6 யூனிட் இழுத்தா ரெண்டு மாசத்துக்கு 360 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன் சேர்ந்தா 500-ஐத் தாண்டிடும். தாண்டினா 101 முதல் 200 யூனிட் வரைக்கும் இருக்கிற குறைஞ்ச ரேட்டும் போயிடும். ஜன்னலுக்கு மேல சன்ஷேடு, மாடியில கூலிங் டைல்ஸ் இருக்கான்னு பாருங்க. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கியாச்சு. அந்தக் குழி நிஜமா இருக்கா, டிராயிங்ல மட்டும் இருக்கான்னும் பாருங்க.

5. ரெரா பாதுகாப்பு

பதிவான புராஜெக்ட்னா, சாவி வாங்கின 5 வருஷத்துக்குள்ள கட்டமைப்புக் குறை வந்தா பில்டர் இலவசமா சரி செய்யணும். விற்பனை ஒப்பந்தம் பதிவு பண்றதுக்கு முன்னாடி 10 சதவீதத்துக்கு மேல வாங்கவும் கூடாது. ஆனா 8 வீட்டுக்குள்ள இருந்தாலோ, இடம் 500 சதுர மீட்டருக்குள்ள இருந்தாலோ பதிவு கட்டாயம் இல்லை. நம்ம ஏரியாவில் வர்ற சின்ன அபார்ட்மென்ட் பலதும் இப்படித்தான். அங்கே நீங்க ரெட்டிப்பு ஜாக்கிரதையா இருக்கணும்.

கடைசியா...

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க. அவர் ஃபீஸை 62 லட்சத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, பெருசாவே தெரியாது. சாயில் ரிப்போர்ட், ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேட்டதும் பில்டர் தயங்கினா, அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில். தொழிற்சாலையில ஒரு நட்டு வர்றதுக்குக் கூட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கேட்கிற ஆளுங்க நாம. 20 வருஷம் கடன் கட்டப்போற வீட்டுக்குக் கேட்க என்ன கூச்சம்?

சைட் விசிட்டுக்குப் போறப்போ இந்த அஞ்சையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. வீடு தேடிக்கிட்டிருக்கிற உங்க ஷிப்ட் நண்பருக்கும் அனுப்புங்க.