இயற்கை உரத்தூள்: கையாள்வதிலும் சேமிப்பதிலும் கவனம்!

மாடித்தோட்டம் இன்று நகரத்து வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. தோட்டக்கலைத் துறை வழங்கும் மாடித்தோட்டத் தளைகளை வாங்கி, கத்தரியும் வெண்டையும் வீட்டிலேயே பறிக்கிறவர்கள் பலர். செடிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால், "வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள், மண்புழு உரம், அவ்வளவுதாங்க. எல்லாம் இயற்கை" என்பார்கள். நல்லதுதான். ஆனால் அடுத்து வரும் பேச்சுதான் சிக்கல்: "இயற்கை உரம்தானே, அது என்ன பண்ணிடப் போகுது?"

இயற்கை என்பதாலேயே ஒரு பொருள் மூச்சுக்கும் வயிற்றுக்கும் பாதுகாப்பானதாகிவிடாது. அது ஏன், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஆமணக்குப் புண்ணாக்கு: அதிகக் கவனம் தேவை

சில ஊர்களில் இதைக் கொட்டமுத்துப் புண்ணாக்கு என்பார்கள். ஆமணக்கு விதையில் 'ரைசின்' என்ற கடுமையான நச்சுப் புரதம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது. அதனால் விதையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகும் நச்சு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்கு சூடுபடுத்தினால் நச்சு குறையும். ஆனால் நம் கையில் இருக்கும் மூட்டை எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் வறுத்துச் சரிசெய்ய முயலவும் கூடாது.

ஆடு, மாடு, நாய், கோழி எதுவும் இதைத் தின்னக் கூடாது. குறிப்பாக எலும்புத்தூளோடு கலந்து வைத்தால், அந்த வாசனைக்கு நாய் தொட்டியைக் கிளறித் தின்றுவிடும். வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், சோர்வு போன்ற அறிகுறிகள் உடனே தெரியாமல், சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத் தோன்றலாம். "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்க வேண்டாம். ரைசினுக்கு மாற்று மருந்து இல்லை. சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நாய், மாடு வளர்க்கும் வீடுகளும் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளும் ஆமணக்குப் புண்ணாக்கைத் தவிர்த்து, வேப்பம் புண்ணாக்கு அல்லது மண்புழு உரத்தைப் பயன்படுத்துவது நல்லது.

தூசியும் பூஞ்சையும்

எந்த உரத்தூளாக இருந்தாலும் கொட்டும்போது தூசி பறக்கும். அது கண், மூக்கு, தொண்டையை உறுத்தும். ஆமணக்குத் தூசி ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடியது. ஈரம் பட்ட புண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் 'அஃப்ளடாக்சின்' என்ற நச்சு உண்டாகலாம். அதனால் "செடிக்கு ஆகாது, மாட்டுக்குப் போட்டுடலாம்" என்ற பேச்சே கூடாது.

உரம் போடும்போது

• காற்று அடங்கிய காலை நேரத்தில் போடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள்.
• முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடுவது நல்லது.
• பையை உயரத்திலிருந்து கொட்டாமல், கரண்டியால் அள்ளி மண்ணுக்கு அருகில் வையுங்கள். அந்தக் கரண்டி தோட்டத்துக்கு மட்டும். சமையலறைக்குத் திரும்பக் கூடாது.
• மேலே தூவி விடாமல் மண்ணைக் கிளறி உள்ளே போட்டு மூடி, தண்ணீர் தெளியுங்கள். தூசியும் பறக்காது, நாய், எலியும் எளிதில் கிளறாது.
• சிந்தினால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடையுங்கள்.
• வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மண்ணிலும் எருவிலும் உள்ள டெட்டனஸ் கிருமி அதில் புகலாம். தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சேமித்து வைக்கும்போது

பத்துப் பதினைந்து தொட்டிக்கு 25 கிலோ மூட்டை தேவையில்லை. ஒன்றிரண்டு கிலோ வாங்கித் தீர்ந்ததும் மறுபடி வாங்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது இன்னும் முக்கியம். ஈரக்காற்றில் மூட்டை கட்டி தட்டிப் பூஞ்சை பிடித்துவிடும்.

புண்ணாக்குத் தூள், எலும்புத்தூள் இரண்டையும் அசல் பையோடு, இறுக்கமான மூடியுள்ள வாளியில் வையுங்கள். வாளி தரையில் படாமல் பலகை மீதோ செங்கல் மீதோ இருக்கட்டும். மண்புழு உரத்துக்கு இது பொருந்தாது. அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதால் லேசான ஈரமும் காற்றும் வேண்டும். காற்றுப் புகும் சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பழைய காபித்தூள் டப்பாவிலும் பருப்பு டப்பாவிலும் உரத்தைப் போட்டு வைப்பது. போட்டவருக்குத் தெரியும், ஊரிலிருந்து வந்த பாட்டிக்குத் தெரியுமா? உணவு டப்பா வேண்டவே வேண்டாம். வாளி மேல் உரத்தின் பெயர், வாங்கிய தேதி, 'உரம் – சாப்பிடக் கூடாது' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அரிசி மூட்டைக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடமே சரி.

வாங்கும்போது

உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன் கீழ் 2006 முதல் இயற்கை உரங்களுக்கும் தர விதிகள் உள்ளன. தயாரிப்பாளர் பெயர், எடை, தயாரித்த தேதி அச்சிட்ட பையாகப் பார்த்து வாங்கி, ரசீது கேட்டுப் பெறுங்கள். எதில் செய்தது என்று சொல்லாத கலவைத் தூளை வாங்க வேண்டாம்.

ஏதாவது நடந்துவிட்டால்

• கண்ணில் பட்டால்: கசக்காமல், சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள்.
• விழுங்கிவிட்டால்: நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். உரப்பையை மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அதுதான் முதல் தகவல்.
• கால்நடை தின்றுவிட்டால்: கால்நடை மருத்துவ ஊர்தி சேவைக்கு 1962.
• உரம் பற்றிய சந்தேகங்களுக்கு: கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 (கட்டணமில்லை).

இன்றைக்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் உரம் எந்த டப்பாவில், எந்த இடத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெயர் எழுதாமல் இருந்தால் எழுதி ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்!