ஒரே வீட்டு சர்வரில் பல தளங்கள்: எந்த வழி யாருக்கு?

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியனோ உபுண்டுவோ போட்டு நாலைந்து இணையதளங்களை ஓடவிடுவது இன்று பெரிய வித்தை இல்லை. ஒரே ஐபி முகவரியில் இத்தனை தளம் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. பிரவுசர் ஒவ்வொரு முறையும் தளத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறது. சர்வர் அந்தப் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. அதில் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த வெப் சர்வர், அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா என்ற சண்டையெல்லாம் அதற்குப் பிறகு.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைய முகவரி என்று ஓர் எண் இருக்கும். 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடினால் வரும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் 80, 443 ஆகிய போர்ட்டுகளை சர்வருக்குத் திருப்பிவிட்டால் போதும்; எண் அடிக்கடி மாறுமானால் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் வேறாக இருந்து, ரௌட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று பொருள். அங்கே போர்ட்டைத் திறந்து பயனில்லை.

அப்போது மூன்று வழிகள். கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்குவது நேர்வழி, கிடைத்தால் அதுவே மேல். கிளவுட்ஃபிளேர் டனல் இலவசம். சர்வரே வெளியே இணைப்பு எடுத்துக்கொள்வதால் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். ஆனால் எச்டிடிபிஎஸ் குறியாக்கம் அவர்கள் முனையிலேயே முடிவதால், போக்குவரத்தை அவர்களால் படிக்க முடியும். அது உறுத்தினால், மாத வாடகைக்குச் சின்ன மெய்நிகர் சர்வர் (விபிஎஸ்) எடுத்து, வயர்கார்டு விபிஎன் மூலம் வீட்டோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

இனி மென்பொருள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது கேடி (Caddy) என்ற வெப் சர்வர். தளத்தின் பெயர், அது எந்தக் கோப்புறையில் அல்லது எந்த உள் போர்ட்டில் இருக்கிறது என்ற விவரம்: தளத்துக்கு மூன்று நான்கு வரி எழுதினால் தீர்ந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இடங்களிலிருந்து சான்றிதழ் வாங்குவதையும் புதுப்பிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸில் அதற்குப் பெரும்பாலும் சர்ட்பாட்டைத் தனியாக அமைக்க வேண்டும். பதிலுக்கு, எந்தச் சிக்கலுக்கும் இணையத்தில் விடை கிடைக்கும். பழைய வேர்ட்பிரஸ் தளங்களை அப்படியே கொண்டுவருபவர் அப்பாச்சியிலேயே இருக்கட்டும். அவற்றின் எச்டிஅக்சஸ் விதிகள் அங்கே மாற்றமின்றி ஓடும். மற்ற இரண்டிலும் திருப்பி எழுத வேண்டும்.

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டிலும் ஒரு பழக்கம் பலரைக் குழப்பும். கேட்ட பெயர் எந்தத் தளத்தோடும் பொருந்தாவிட்டால், வேறு ஏற்பாடு செய்திராதவரை, முதலில் படித்த தளத்தையே காட்டிவிடும். கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுவதால்தான் டெபியன் அப்பாச்சியின் இயல்புக் கோப்பு மூன்று பூஜ்யங்களோடு தொடங்குகிறது. புதிய தளத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், மச்சான் கடைக்கு என்று போட்ட முகவரியில் உங்கள் கல்யாண ஆல்பம் திறக்கும். வெற்றுப் பக்கம் ஒன்றை முதலிடத்தில் வைத்துவிடுங்கள்.

டாக்கர் எப்போது? ஒரு தளத்துக்கு பிஎச்பி 7, இன்னொன்றுக்கு 8 என்று தேவை முட்டினால், அல்லது பிறருடைய தளங்களையும் வைத்திருந்தால். எல்லாத் தளமும் ஒரே பயனர் கணக்கில் ஓடும்போது, ஒரு வேர்ட்பிரஸ் பிளகின் ஓட்டையானால் பக்கத்துத் தளத்தின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் போய்விடும். தளத்துக்கொரு பயனர், தனி பிஎச்பி பூல் என்று பிரித்தாலே பாதி ஆபத்து குறையும். டாக்கர் கன்டெய்னர் அதைவிடத் திடமான தடுப்பு. ஓர் எச்சரிக்கை: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுகளை உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது. உள் போர்ட்டுகளை 127.0.0.1 என்ற முகவரியோடு மட்டும் கட்டிவையுங்கள். நாலு எச்டிஎம்எல் பக்கத்துக்கெல்லாம் டாக்கர் வேண்டாத சுமை.

மின்னஞ்சலை மட்டும் இதே பெட்டியில் ஏற்றாதீர்கள். வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்துவைத்திருப்பார்கள். திறந்தே இருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து போகும் கடிதம் ஸ்பாமில்தான் விழும். தளங்களின் தொடர்புப் படிவங்களுக்கு வெளி அஞ்சல் சேவை ஒன்றின் எஸ்எம்டிபி விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.