வீடியோவில் டாக்டர்: என்ன சொல்வது?

கேள்வி: 2 மாதமாக எதிலும் பிடிப்பில்லை. அடுத்த வாரம் மனநல மருத்துவரை வீடியோவில் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கேமரா முன்னால் வாயே வராதோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, தென்காசி

பதில்: நேரம் வாங்கிவிட்டீர்களே, கஷ்டமான வேலை அதுதான் சகோதரி. இனி ஒரு தாளை எடுத்து இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். "மனசு சரியில்லை" என்பதைவிட, "விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை, தலை வாரக்கூடத் தோன்றவில்லை" என்று சொன்னால் டாக்டருக்குச் சட்டென்று பிடிபடும். பேச்சு வராவிட்டால் தாளைப் பார்த்தே படியுங்கள். அழுகை வந்தாலும் பரவாயில்லை.

சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட ஆளை இப்படிச் சோர்வாக்கும்.

வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகமென்றால் மொட்டை மாடிக்குப் போய் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் எடுத்த எடுப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்பார். இணைப்பு அறுந்தால் கூப்பிட போன் நம்பரையும் கொடுத்துவிடுங்கள்.

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டாக்டர் பதற மாட்டார், கோபிக்கவும் மாட்டார். அந்த எண்ணம் இப்போதே அழுத்தினால் அடுத்த வாரம்வரை பொறுக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.