தேனீயின் பறப்பும் அதற்கு வேண்டிய தேனும்

கண்டிப் பிரதேசத்தில் மண்கலயத்திலும் மரப்பெட்டியிலும் வளர்க்கப்படுவது நாட்டுத் தேனீயே. நன்றாக இருந்த தேனீக் குடும்பமொன்று திடீரெனக் கலயத்தைக் கைவிட்டு ஓடிப்போதல் இத்தொழிலில் ஈடுபட்டோர் பலரும் அறிந்த நட்டமாகும். இதற்குக் கண்ணூறு காரணம் என்பாரும் உளர். எறும்பு, மெழுகுப்பூச்சி, வெயில் ஆகியனவும் காரணமாகலாம்; எனினும், அடிக்கடி நேர்வது உணவுக் குறைவே. தேனீ பறப்பதற்கு எவ்வளவு உணவைச் செலவிடுகிறது என்பதை அறிந்தால் இது எளிதில் விளங்கும்.

தேனீயின் சிறகுகளுக்குள் தசை கிடையாது. நெஞ்சுப் பகுதியில் நெடுக்காக ஒரு தசைத் தொகுதியும், மேலிருந்து கீழாக மற்றொரு தொகுதியும் அமைந்துள்ளன. இவை மாறி மாறிச் சுருங்கும்போது நெஞ்சின் ஓடே நெளிகிறது. அந்நெளிவினால் சிறகுகள் மேலும் கீழும் அசைகின்றன. ஒரு தசை சுருங்கும்போது மற்றதை இழுக்க, இழுபட்ட தசை தானாகவே திரும்பச் சுருங்கும். ஆதலால் ஒவ்வோர் அடிப்புக்கும் நரம்பின் கட்டளை வேண்டியதில்லை. மேனாட்டுத் தேனீ செக்கனுக்கு ஏறக்குறைய 230 முறை சிறகடிக்கிறது. முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும்.

பிரான்சிய அறிஞரான அந்துவான் மன்யான் 1934 இல், ஆகாய விமானத்துக்குரிய கணக்கைப் பூச்சிகளுக்குப் பொருத்தி, அவை பறத்தல் இயலாது என்று எழுதினார். தேனீக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை! விமானத்தின் இறக்கை அசையாதது; தேனீயின் சிறகோ ஒவ்வோர் அடிப்பின் முடிவிலும் புரண்டு திரும்பி, தன் விளிம்பின்மேல் காற்றுச் சுழியொன்றை உண்டாக்கி, அதனால் தூக்குவிசை பெறுகிறது. 2005 இல் கலிபோர்னியாவில் அதிவேகப் படப்பிடிப்பின் உதவியால் செய்யப்பட்ட ஆராய்ச்சி, தேனீ தன் சிறகைக் குறுகிய வீச்சில் மிக விரைவாக அடிக்கிறது என்று காட்டியது. சுமை கூடும்போது அது வேகத்தை அன்றி வீச்சின் அளவையே கூட்டுகிறது.

இவ்வேலைக்கு எரிபொருள் சீனியே. பாலைவன வெட்டுக்கிளி நெடுந்தூரம் பறக்கையில் உடற்கொழுப்பை எரிக்க வல்லது. தேனீக்கு அவ்வசதி இல்லை. இரைப்பையிலுள்ள தேன் தீர்ந்தால் அது சில நிமிடங்களுக்குமேல் பறக்க முடியாது. மேனாட்டுத் தேனீ ஒரு மணி நேரம் பறக்க ஏறக்குறைய 10 மில்லிகிராம் சீனியைச் செலவிடுகிறது. அந்நேரத்தில் அது சுமார் 24 கிலோமீற்றர் செல்லும் எனக் கொண்டால், கிலோமீற்றருக்கு 0.4 மில்லிகிராம் செலவாகும்.

இனி வரவைப் பார்க்கலாம். ஒருமுறை 40 மில்லிகிராம் பூந்தேன் கொண்டுவரப்படுவதாகவும், அதில் நூற்றுக்கு 30 பங்கு சீனி உள்ளதாகவும் கொள்க. வரவு 12 மில்லிகிராம். பூமரம் அரைக் கிலோமீற்றர் தொலைவில் இருப்பின், போக்குவரத்துச் செலவு 0.4 மில்லிகிராம் மட்டுமே. மூன்று கிலோமீற்றர் தொலைவாயின் ஏறக்குறைய 2.5 மில்லிகிராம் போய்விடும். மழையால் பூந்தேன் நீர்த்து, சீனி நூற்றுக்குப் பத்தாகக் குறைந்தால் வரவு 4 மில்லிகிராமே. அதிற் பாதிக்கு மேல் வழியிலேயே தீரும். நாட்டுத் தேனீ உருவிற் சிறியது. பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே இரை தேடுவது. எனவே தொலைவிலுள்ள பூக்களை நம்பிக் கலயம் வைத்தல் பயன் தராது. தென்னை நிற்கும் வீட்டுத்தோட்டம் இதற்கு ஏற்றது. தென்னம்பாளை ஆண்டு முழுவதும் விரியும்.

பறப்புக்கு முன்னரும் செலவு உண்டு. நெஞ்சுத் தசை ஏறக்குறைய 30 பாகை செல்சியசு சூடேறினாலன்றித் தேனீ நன்கு எழும்பாது. பல்லேகலயில் மார்கழி, தை மாதக் காலைகள் குளிர்ந்தவை. அவ்வேளையில் தேனீ சிறகை அசைக்காமலே தசையை நடுங்கச் செய்து சூடேற்றிக்கொள்கிறது. அதற்கும் தேனே எரிகிறது. காலை வெயில் படும் இடத்தில் வாயிலைக் கிழக்கு நோக்கி அமைப்பின் இச்செலவு ஓரளவு குறையும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் தேனீக்கள் பல நாட்கள் வெளியேற மாட்டா. அக்காலத்துக்கென அவை சேர்த்ததையே வளர்ப்போர் முழுவதும் பிழிந்தெடுத்தால், மிஞ்சியிருக்கும் சிறிது தேனை இரைப்பையில் நிரப்பிக்கொண்டு குடும்பம் முழுவதும் புறப்பட்டுவிடும். வழிச்செலவுக்குத் தேன் இருக்கும்போதே ஓடுதல் அவற்றின் இயல்பு. ஆதலால் மேற்பெட்டியின் தேனை மட்டும் எடுத்து, புழுக்கள் உள்ள அடியறையின் வதைகளைத் தொடாது விடல் வேண்டும்.

கலயத்தின் பாரம் குறைந்து காணப்படின், வெள்ளைச் சீனியும் கொதித்தாறிய நீரும் சம நிறையாகக் கலந்த பாகை உள்ளே வைக்கலாம். சர்க்கரைக்கட்டியும் சிவப்புச் சீனியும் தேனீக்கு வயிற்றுக்கழிச்சலை உண்டாக்குமாதலால் ஆகா. பாகில் தேனீ அமிழாதபடி சில ஈர்க்குத் துண்டுகளை மிதக்க விடுக. பகலில் வைத்தால் அயற்குடும்பத்துத் தேனீக்கள் மணம் அறிந்து கொள்ளையிட வரும். பொழுதுபட்ட பின்னரே வைத்து, சிந்திய பாகை உடனே கழுவிவிட வேண்டும்.