எட்டரை ரூபாய் பெட்ரோல் அன்று மலிவாகவா இருந்தது?

கேள்வி: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் பெட்ரோலுக்கே போய்விடுகிறது. “அந்தக் காலத்தில் டிவிஎஸ் 50-க்கு பத்து ரூபாய்க்கு அடித்தால் இரண்டு நாள் ஓடும்” என்று அப்பா அடிக்கடி சொல்வார். அப்போது பெட்ரோல் அவ்வளவு மலிவா? கச்சா எண்ணெய் விலை இறங்கியது என்று செய்தி வந்தாலும் பங்க்கில் ஏன் இறங்குவதில்லை? ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் குறையுமா, ஐயா?

– வாசகர், ராஜபாளையம்

பதில்: முதலில் அப்பாவின் பத்து ரூபாயைப் பார்ப்போம். 1989இல் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 8 ரூபாய் 50 பைசா. நம் பக்கத்திலும் அதை ஒட்டியே இருந்தது. ஆகவே அப்பா சொல்வது சரிதான். ஆனால் அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயோடு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, 1989இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு 2025இல் 1,100 ரூபாய்க்கு மேல் வேண்டும். அந்தக் கணக்கில் எட்டரை ரூபாய் என்பது இன்றைக்கு 95 ரூபாய். தமிழ்நாட்டில் 2025இல் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி விற்றது. வித்தியாசம் சில ரூபாய்தான்.

அப்பா டேங்க்கை நிரப்பாமல் பத்து ரூபாய்க்கு அடித்தாரே, அதுவே அன்றும் விலை கனமாக இருந்ததற்குச் சாட்சி. டிவிஎஸ் 50 டூ-ஸ்ட்ரோக் வண்டி. 2டி ஆயிலையும் அளந்து ஊற்றி, பெட்ரோல் அடித்த பிறகு இரண்டும் கலக்க வண்டியை ஆட்டிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். அந்த ஆயில் காசும் செலவுக் கணக்கில் உண்டு. வண்டி வைத்திருந்த வீடுகளும் தெருவுக்குச் சிலதான். அன்று விலையை நிர்ணயித்தது அரசு. மண்ணெண்ணெய்யையும் சமையல் கேஸையும் குறைந்த விலைக்குக் கொடுக்க, பெட்ரோலைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பெட்ரோல் விலைக்கு எதிரான கோபமும் புதிதல்ல. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் உலக விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்து எதிர்ப்புக் காட்டினார்.

இதனால் உங்கள் குறை பொய்யாகிவிடாது. உங்கள் குறைக்கான நியாயம் வரிக் கணக்கில் இருக்கிறது.

2025 ஏப்ரல் நிலவரப்படி மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 பைசா. தமிழ்நாடு அரசின் வாட் வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசா. 101 ரூபாய் விலையில் இந்த வாட் மட்டும் ஏறத்தாழ 22 ரூபாய் வருகிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 44 ரூபாய். மிச்சம் 57 ரூபாயில்தான் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி வாடகை, பங்க் முதலாளியின் கமிஷன் எல்லாம் அடக்கம். உங்கள் கணக்கையே போடுங்கள்: போக வர 24 கிலோமீட்டர், மாதம் 26 நாள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டரை லிட்டர், 1,260 ரூபாய். அதில் வரி 540 ரூபாய்க்கு மேல். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் மில் தொழிலாளியும் ஒன்றரை லட்சம் வாங்குபவரும் ஒரு லிட்டருக்குக் கட்டும் வரி ஒன்றேதான்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபரில். 2017 ஜூன் முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் முறை வந்தது. உலக விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. நடந்ததைப் பாருங்கள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் 2014 ஜூனில் பீப்பாய் சுமார் 109 டாலர். 2016 ஜனவரியில் 28 டாலருக்கு வந்தது. பங்க்கில் குறைந்ததோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ரூபாயின் மதிப்புச் சரிவு ஒரு காரணம். பெரிய காரணம், 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் கலால் வரி ஒன்பது முறை ஏற்றப்பட்டது. 2014இல் 9 ரூபாய் 48 பைசாவாக இருந்த வரி, கொரோனா ஊரடங்கில் எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போன 2020 மே மாதத்தில் 32 ரூபாய் 98 பைசாவைத் தொட்டது. அதே மே மாதம் தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு பெட்ரோலில் மூன்றேகால் ரூபாய் ஏற்றியது.

பிறகு இறக்கவும் செய்தார்கள். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் குறைத்தது. ஆனால் 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சரிந்தபோது மறுபடி கலால் வரி 2 ரூபாய் ஏறியது. பங்க் விலை ஏறவில்லை என்பதால் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. உங்களுக்கு வந்து சேர வேண்டிய விலைக் குறைப்பு கருவூலத்துக்குப் போனது.

ஜிஎஸ்டிக்குள் வந்தால் குறையுமா? இன்றைய உச்ச வரியான 40 சதவீதம் போட்டாலும் 57 ரூபாய் சரக்கு 80 ரூபாய்க்கு வரும். அதனால்தான் எந்த அரசும் அவசரப்படவில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், இதற்கு நேரம் வரவில்லை என்று முடிவு செய்தது. மாநிலங்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 பைசாவில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 பைசா மட்டும்தான். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்று மத்திய அரசிடமே தங்கிவிடுகிறது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் தேட வேண்டிய மாநிலம், தன் கையிலிருக்கும் வாட்டை எளிதில் விட்டுக்கொடுக்காது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியவை சில. விருதுநகர்–தென்காசி தடத்தில் ஓடும் ரயில்கள் இரண்டு ஊரிலும் நிற்கின்றன. வேலை நேரத்துக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால், 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த வண்டி வாங்கும்போது மின்சார ஸ்கூட்டரையும் கணக்கில் எடுங்கள். உங்கள் தூரத்துக்கு மாதம் 20 யூனிட் அளவில் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு 200 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பங்க்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

என் முடிவு இதுதான்: அப்பா காலத்துப் பெட்ரோல் மலிவு அல்ல, இன்றைய பெட்ரோலோ இவ்வளவு விலையில் இருக்க வேண்டியதில்லை. விலை ஏறும் நாளில் எல்லோரும் கோபப்படுகிறோம். கச்சா எண்ணெய் இறங்கும் நாளில்தான் அதிகம் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், “எண்ணெய் விலை இறங்கியபோது எங்கள் பங்கு எங்கே?” என்று கேளுங்கள்.