தீக்குச்சியும் தாடை எலும்பும்

கேள்வி: முற்காலத்தில் தீப்பெட்டித் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிப்போகுமாமே, எங்கள் பக்கத்து வேலையிலும் அந்த அபாயம் உண்டா?
(வாசகர் ஒருவர், தாயில்பட்டி)

பதில்: அந்தப் பயம் வேண்டாம். வெண்பாஸ்பரஸின் ஆவி சொத்தைப் பல்லின் வழியே புகுந்து, ஈறு வீங்கி, சீழ் வடிந்து, எலும்பு துண்டுதுண்டாய் உதிர்ந்த அக்கோர வியாதியை 1845-இல் வியன்னா வைத்தியர் லோரின்சர் விவரித்தார். 1906-இல் பெர்ன் நகரில் கூடிய தேசங்கள் சில அவ்விஷத்தை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்ற தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்கியது அதற்கும் பத்தாண்டு பின்னரே. உங்கள் பெட்டிப் பக்கத்தில் பூசும் மருந்திலுள்ள சிவப்புப் பாஸ்பரஸுக்கு அவ்விதம் ஆவியாகும் குணமில்லை. அங்கே அஞ்சவேண்டியது நெருப்புக்கே.

ஆனால், புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்குச் சோலெட்ரோனேட் போன்ற பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகளைச் செலுத்தியபோது, அதே தாடை அழுகலை 2003-இல் அமெரிக்க வைத்தியர்கள் கண்டார்கள் என்பதே எனக்குப் பெரும் ஆச்சரியம். பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களை அம்மருந்து அடக்கிவிடுவதால், பல் பிடுங்கிய புண் ஆறாமல் நின்றுவிடுகிறது. வெண்பாஸ்பரஸும் உடலுக்குள் இத்தகைய பொருளாக மாறியிருக்கலாம் என்பது சில ஆராய்ச்சியாளரின் ஊகம். எலும்புத் தேய்மானத்துக்கு இவ்வின மருந்தை வாரம் ஒரு மாத்திரையாக உண்போருக்கு இவ்வபாயம் மிகச் சொற்பம். ஆகையால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பல் பிடுங்குமுன் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.